வேலைக்கு ஒரு மடிக்கணினி: ஆடம் ஆஸ்பார்ன் கதை

வேலைக்கென்று மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் கேள்விகள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எடை எவ்வளவு? திரை எத்தனை அங்குலம்? பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும்? கூடவே என்ன மென்பொருள் தருவீர்கள்? கடைசியாக ஒரு கேள்வி தயக்கத்தோடு வரும். "இப்போதே வாங்கலாமா, இல்லை புது மாடல் வரட்டும் என்று காத்திருக்கலாமா?"

இவை புதிய கேள்விகள் அல்ல. 1981-லேயே இவற்றைக் கேட்டார்கள். அன்று ஒரு மனிதர் இவற்றுக்குத் துணிச்சலாகப் பதில் சொல்லி, ஒரு கணினியையும் செய்து விற்றார். மளமளவென்று வளர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் கடைசிக் கேள்வியில் மாட்டிக்கொண்டு விழுந்தும் போனார். அவர் பெயர் ஆடம் ஆஸ்பார்ன். இந்த ஆங்கிலேயர் சிறுவயதில் வளர்ந்தது திருவண்ணாமலையில், படித்தது கொடைக்கானலில் என்றால் நம்ப முடிகிறதா?

திருவண்ணாமலைச் சிறுவன்

ஆடம் ஆஸ்பார்ன் 1939 மார்ச் 6 அன்று தாய்லாந்தின் பாங்காக் நகரில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்பார்ன் ஆங்கிலேயர். தாய் லூசியா போலந்து நாட்டவர். ஆர்தர் அப்போது பாங்காக்கில் பல்கலைக்கழக ஆசிரியர். ரமண மகரிஷியின் மீது கொண்ட ஈடுபாட்டால் 1941-இல் குடும்பம் திருவண்ணாமலைக்கு வந்தது. தந்தை மட்டும் வேலைக்காகத் தாய்லாந்து திரும்பினார். அதற்குள் போர் அங்கேயும் வந்துவிட, ஜப்பானியர்கள் அவரைச் சிறை முகாமில் அடைத்தார்கள். போர் முடிந்த பிறகுதான் அவரால் குடும்பத்தோடு சேர முடிந்தது. ரமணரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி மேல்நாட்டாருக்கு அறிமுகப்படுத்தியவர்களில் ஆர்தர் ஆஸ்பார்ன் முக்கியமானவர். 1964-இல் ரமணாசிரமத்தின் ஆங்கில இதழைத் தொடங்கி ஆசிரியராக இருந்தவரும் அவரே.

மகன் ஆடம் அருணாசல மலையடிவாரத்தில் வளர்ந்தார், கொடைக்கானலில் பள்ளியில் படித்தார். 11 வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல், பிறகு அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் 1968-இல் முனைவர் பட்டம். ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அந்தப் பெரிய அலுவலக வாழ்க்கை அவருக்கு ஒத்துவரவில்லை. வெளியே வந்து, எளிய மொழியில் கணினிக் கையேடுகளை எழுதத் தொடங்கினார்.

1970-களின் நடுவில் நுண்செயலிகள் வந்த புதிது. அவை எப்படி வேலை செய்கின்றன என்று சாதாரண ஆளுக்குப் புரியும்படி சொல்லப் புத்தகங்கள் இல்லை. ஆஸ்பார்ன் எழுதினார். பதிப்பகங்கள் முன்வராததால் தானே வெளியிட்டார். அவருடைய நுண்கணினி அறிமுக நூல் லட்சக்கணக்கில் விற்றது. 1979-இல் தன் பதிப்பகத்தை மெக்ரா ஹில் நிறுவனத்துக்கு விற்றார். கையில் பணம் வந்தது. பத்திரிகைகளில் கணினி நிறுவனங்களைக் காரசாரமாக விமர்சித்துப் பத்தி எழுதிக்கொண்டிருந்தார். ஊரையெல்லாம் குறை சொல்லியாயிற்று, நாமே ஒன்று செய்து காட்டினால் என்ன என்று தோன்றியது போலும்!

அன்றைய கணினி வாங்குபவரின் பாடு

1980-இல் தொழிலுக்காகக் கணினி வாங்குவது என்ன பாடு என்று தெரிந்தால்தான் அவர் செய்ததன் அருமை புரியும்.

கணினிப் பெட்டி ஒரு கடையில். திரை தனி விலை. ஃபிளாப்பி டிரைவ் தனி விலை. அவற்றை இணைக்கும் கம்பிகளும் அட்டைகளும் தனி விலை. எல்லாம் வாங்கி வீட்டுக்கு வந்து சேர்த்தால் அது ஒன்றும் செய்யாது. ஏனென்றால் மென்பொருளும் தனி விலை. வேர்டுஸ்டார் என்ற எழுத்து மென்பொருள் மட்டும் ஏறத்தாழ 500 டாலர். கணக்கு அட்டவணைக்கு இன்னொரு மென்பொருள், இன்னொரு சில நூறு டாலர். இவையெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகுமா என்பது வாங்குபவரின் அதிர்ஷ்டம்.

தூக்கிச் செல்லும் கணினி என்ற யோசனையும் புதிதல்ல. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இருந்த ஆலன் கே, 1972-இல் புத்தகம் போலக் கையில் பிடிக்கும் கணினி ஒன்றைத் தாளில் வரைந்து விளக்கியிருந்தார். அன்றைய தொழில்நுட்பத்தில் அதைச் செய்ய வழியில்லை. 1975-இல் ஐபிஎம் 5100 என்ற 'எடுத்துச் செல்லும்' கணினி வந்தது. எடை சுமார் 25 கிலோ. விலை 9,000 டாலரில் தொடங்கியது. ஒரு அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போவது போல!

ஆஸ்பார்ன் 1

ஆஸ்பார்ன் போட்ட கணக்கு எளிமையானது. போதுமான அளவு இருந்தால் போதும், அதற்கு மேல் எதற்கு என்பது அவருடைய கொள்கை. ஒரு எழுத்தாளருக்கோ, கணக்காளருக்கோ, ஊர் ஊராகப் போகும் ஆலோசகருக்கோ உலகத்திலேயே வேகமான கணினி தேவையில்லை. கடிதம் எழுத வேண்டும், கணக்குப் போட வேண்டும், விமானத்தில் இருக்கைக்குக் கீழே அது அடங்க வேண்டும். விலையும் கைக்கு எட்ட வேண்டும்.

வடிவமைப்பை லீ ஃபெல்சன்ஸ்டீனிடம் ஒப்படைத்தார். கலிபோர்னியாவின் புகழ்பெற்ற ஹோம்புரூ கணினி மன்றத்தின் கூட்டங்களை நடத்தி வந்தவர் இவர். 1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த வெஸ்ட் கோஸ்ட் கணினிக் கண்காட்சியில் 'ஆஸ்பார்ன் 1' அறிமுகமானது. பார்ப்பதற்குப் பெட்டியில் வைத்த தையல் மெஷின் போல இருக்கும். எடை சுமார் 11 கிலோ. மேலே கைப்பிடி. மூடியைக் கழற்றினால் அதுவே விசைப்பலகை. நடுவில் 5 அங்குலத் திரை. இரு பக்கமும் இரண்டு ஃபிளாப்பி டிரைவ்கள். உள்ளே 4 மெகாஹெர்ட்ஸ் Z80 செயலி, 64 கிலோபைட் நினைவகம்.

5 அங்குலத் திரையா என்று சிரிக்கத் தோன்றும். இன்றைய கைப்பேசிகளின் திரையே அதைவிடப் பெரிது. ஒரு வரியில் 52 எழுத்துகள்தான் தெரியும். தட்டச்சு செய்த தாளின் அகலத்துக்கு 80 எழுத்துகள் வேண்டும். இதற்கு ஃபெல்சன்ஸ்டீன் ஒரு வழி செய்தார். நினைவகத்தில் ஒரு வரிக்கு 128 எழுத்துகள் வரை வைத்துக்கொண்டு, திரையை ஒரு சன்னல் போல அதன் மேல் இடமும் வலமும் நகர்த்திப் பார்க்கலாம். சிரமம்தான். ஆனால் வேலை நடந்தது.

உண்மையான அதிரடி விலையில் இருந்தது. 1,795 டாலர். அதற்குள் வேர்டுஸ்டார், சூப்பர்கால்க் என்ற கணக்கு அட்டவணை, இரண்டு பேசிக் மொழிகள் எல்லாம் அடக்கம். அந்த மென்பொருள்களைத் தனித்தனியாகக் கடையில் வாங்கினாலே சுமார் 1,500 டாலர் ஆகியிருக்கும். அப்படியென்றால் கணினி கிட்டத்தட்ட இலவசம்! இது எப்படி முடிந்தது என்கிறீர்களா? மென்பொருள் நிறுவனங்களிடம் மொத்தமாகக் குறைந்த விலைக்கு உரிமம் பேசினார். வேர்டுஸ்டாரைத் தயாரித்த மைக்ரோப்ரோவுக்குத் தன் நிறுவனத்தின் பங்குகளையும் கொடுத்தார்.

இன்று மடிக்கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்களே, அந்த எதிர்பார்ப்பைப் பெரிய அளவில் உருவாக்கியவர்களில் ஒருவர் ஆஸ்பார்ன்.

விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. உச்சத்தில் ஒரே மாதத்தில் 10,000 கணினிகள். 1981 ஜனவரியில் தொடங்கிய நிறுவனம் அடுத்த ஆண்டே கோடிக்கணக்கான டாலர் வருமானம் பார்த்தது.

ஒரு குறை மட்டும் இருந்தது. பெட்டிக்குள் பேட்டரி கிடையாது. இருக்கைக்குக் கீழே வைக்கலாமே தவிர, விமானத்தில் திறந்து வேலை செய்ய முடியாது. தூக்கிச் செல்லலாம், ஆனால் போகும் இடத்தில் மின்சாரம் வேண்டும்.

போட்டியாளர்கள்

வாங்குபவர்களுக்குத் தேர்வுகள் பெருகின. 1982-இல் கேப்ரோ என்ற கணினி வந்தது. அதே 1,795 டாலர். ஆனால் 9 அங்குலத் திரை, வரிக்கு 80 எழுத்துகள். நாள் முழுவதும் உட்கார்ந்து கடிதமும் கணக்கும் பார்க்கிறவர் எதை எடுப்பார்? 'போதும்' என்பதற்கு ஒரு அளவு உண்டு, அந்த அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதை ஆஸ்பார்ன் இங்கேதான் கோட்டை விட்டார்.

இதைவிடப் பெரிய இடி ஐபிஎம். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அலுவலகங்கள் அதன் பின்னால் திரும்பின. மென்பொருள் எழுதுகிறவர்களும் அதற்கே எழுதத் தொடங்கினார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸை விட்டு வெளியேறிய மூன்று பொறியாளர்கள் 1982-இல் ஹூஸ்டனில் காம்பாக் நிறுவனத்தைத் தொடங்கி, ஐபிஎம் மென்பொருள்கள் அப்படியே ஓடக்கூடிய தூக்கிச் செல்லும் கணினியைச் செய்தார்கள். விலை 2,995 டாலர். எடை ஆஸ்பார்னைவிடவும் கூடுதல், 12 கிலோவுக்கு மேல். ஆனாலும் 1983-இல் 53,000 கணினிகள் விற்றன. காரணம் எளிது. அலுவலகத்தில் இருக்கும் கணினியின் வட்டை எடுத்து இதில் போட்டால் வேலை செய்யும். எடையைவிட, விலையைவிட, அலுவலகத்தோடு ஒத்துப்போவதே முக்கியம் என்று வாங்குபவர்கள் தீர்ப்பளித்தார்கள்.

காத்திருந்த வாடிக்கையாளர்கள்

1983-இன் முதல் மாதங்களில் ஆஸ்பார்ன் நிறுவனம் 'எக்சிகியூட்டிவ்' என்ற புது மாடலைப் பற்றிப் பேசத் தொடங்கியது. 7 அங்குலத் திரை, வரிக்கு 80 எழுத்துகள், கூடுதல் நினைவகம். செய்தி கடைக்காரர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் போனது. பிறகு என்ன? புதியது வரும்போது பழையதை யார் வாங்குவார்? கடைக்காரர்கள் ஆர்டர்களை ரத்து செய்தார்கள். பழைய மாடல் தேங்கியது, புதியது கைக்கு வரவில்லை, பணம் வற்றியது. 1983 செப்டம்பர் 13 அன்று நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

அன்றிலிருந்து, வரப்போகும் பொருளை முன்கூட்டியே அறிவித்து இருக்கும் பொருளின் விற்பனையைக் கெடுத்துக்கொள்வதற்கு 'ஆஸ்பார்ன் விளைவு' என்றே பெயர் வந்துவிட்டது. வணிகப் பாடங்களில் இன்றும் இந்தப் பெயர் உண்டு.

ஆனால் இது முழு உண்மையா? அந்தக் காலத்தை ஆராய்ந்த பலர் இல்லை என்கிறார்கள். அறிவிப்பு வருவதற்கு முன்பே கேப்ரோவும் காம்பாக்கும் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தன. நிறுவனம் வளர்ந்த வேகத்துக்குக் கணக்கு வழக்குகள் ஈடுகொடுக்கவில்லை. இன்னொரு கதையும் சொல்லப்படுகிறது. கிடங்கில் பழைய மாடலின் மதர்போர்டுகள் 1.5 லட்சம் டாலர் மதிப்புக்குக் கிடந்தனவாம். அவை வீணாகப் போகக்கூடாது என்று, அவற்றை முழுக் கணினிகளாக்கத் திரையும் டிரைவும் பெட்டியும் வாங்கியதில் 20 லட்சம் டாலர் செலவாகிவிட்டதாம். சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் என்ற பழமொழியை அந்த மேலாளர்கள் கேட்டிருக்க வாய்ப்பில்லை!

எப்படியோ, ஒரு பெரிய தோல்விக்கு ஒரே ஒரு வாக்கியத்தில் காரணம் சொல்வது எளிது. அந்த வாக்கியத்தில் ஒரு மனிதரின் பெயரும் சேர்ந்துவிட்டால் அது நிலைத்தே விடுகிறது.

மடியில் உட்கார்ந்த கணினி

ஆஸ்பார்ன் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர்ந்தார்கள். ஒவ்வொருவரும் வேலை செய்கிறவரின் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார்கள்.

1982-இல் வந்த கிரிட் காம்பஸ், திரையை விசைப்பலகையின் மேல் சிப்பி போல மடித்து மூடும் வடிவத்தைக் கொண்டு வந்தது. வடிவமைத்தவர் பில் மாக்ரிட்ஜ். இன்றைய மடிக்கணினிகள் எல்லாம் அந்த வடிவத்தின் பிள்ளைகளே. ஆனால் விலை 8,150 டாலர். நாசா வாங்கி விண்வெளி ஓடத்தில் அனுப்பியது. சாதாரண ஆள் எட்ட நின்று பார்க்கத்தான் முடிந்தது.

1983-இல் ரேடியோ ஷாக் கடைகளில் டிஆர்எஸ்-80 மாடல் 100 வந்தது. தயாரித்தது ஜப்பானின் கியோசெரா. எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. திரையில் எட்டு வரிகள் மட்டும். ஆனால் முழு அளவு விசைப்பலகை, உள்ளேயே மோடம். டார்ச் லைட்டில் போடும் சிறிய பேட்டரிகள் நான்கைப் போட்டால் சுமார் 20 மணி நேரம் ஓடும். பத்திரிகை நிருபர்கள் கொத்திக்கொண்டு போனார்கள். வெளியூரில் செய்தி எழுதி, தொலைபேசி வழியாக அலுவலகத்துக்கு அனுப்ப அவர்களுக்கு அது போதும். படம் தெரியுமா, விளையாட்டு ஓடுமா என்று அவர்கள் கேட்கவில்லை. ஆஸ்பார்னின் 'போதும்' என்ற கொள்கை இன்னொருவர் கையில் ஜெயித்தது!

1985-இல் தோஷிபா டி1100 ஐபிஎம் மென்பொருள்கள் ஓடும் கணினியை 4 கிலோ எடையில் பேட்டரியோடு தந்தது. 1989-இல் ஆப்பிள் கொண்டு வந்த மேகின்டோஷ் போர்ட்டபிள் 7 கிலோ கனத்தில் தடுமாறியது. பாடம் கற்ற ஆப்பிள் 1991-இல் பவர்புக்கை வெளியிட்டது. அதில் விசைப்பலகையைத் திரையை ஒட்டிப் பின்னால் தள்ளி, முன்னால் மணிக்கட்டு வைக்க இடம் விட்டார்கள். சிறிய மாற்றம்தான். இன்று கையில் இருக்கும் எந்த மடிக்கணினியையும் திறந்து பாருங்கள், அந்த இடம் அங்கே இருக்கும்.

1992-இல் ஐபிஎம் திங்க்பேட் 700சி வந்தது. கறுப்புப் பெட்டி, 10.4 அங்குல வண்ணத் திரை, விசைகளுக்கு நடுவே சிவப்புக் குமிழ். நாளெல்லாம் தட்டச்சு செய்கிறவர்கள் அந்த விசைப்பலகைக்காகவே அதைத் தேடி வாங்கினார்கள். 2005-இல் இந்தப் பிரிவு சீனாவின் லெனோவோ நிறுவனத்துக்குக் கைமாறிய பிறகும் அந்தக் குமிழ் தொடர்ந்தது.

ஆஸ்பார்ன் என்ன ஆனார்?

அவர் சும்மா இருக்கவில்லை. 1984-இல் பேப்பர்பேக் சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மென்பொருளையும் மலிவுப் பதிப்புப் புத்தகம் போல விற்க வேண்டும் என்பது எண்ணம். லோட்டஸ் 1-2-3 போலவே இயங்கும் கணக்கு அட்டவணை மென்பொருளை 99 டாலருக்கு விற்றார். தன் மென்பொருளின் கட்டளை அமைப்பைக் காப்பியடித்துவிட்டதாக லோட்டஸ் 1987-இல் வழக்குப் போட்டது. 1990-இல் தீர்ப்பு லோட்டஸ் பக்கம் போனது. அந்த நிறுவனமும் முடிந்தது.

அதன் பிறகு உடல்நலம் குன்றியது. மூளையில் அடிக்கடி சிறு சிறு ரத்த அடைப்புகள். 1992-இல் அமெரிக்காவை விட்டுக் கிளம்பினார். எங்கே போனார் தெரியுமா? சிறுவனாகப் பள்ளிக்கூடம் போன அதே கொடைக்கானலுக்கு. சகோதரியின் கவனிப்பில் கடைசி ஆண்டுகளைக் கழித்து, 2003 மார்ச் 18 அன்று அங்கேயே காலமானார். வயது 64.

அதற்கு ஆறு நாட்களுக்கு முன்பு, மார்ச் 12 அன்று, இன்டெல் நிறுவனம் 'சென்ட்ரினோ'வை அறிமுகம் செய்தது. கம்பியில்லா இணைய வசதியையும் குறைந்த மின்செலவையும் சாதாரண மடிக்கணினிகளுக்குப் பரவலாகக் கொண்டு சேர்த்தது அதுதான். வேலையை எங்கே வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம் என்று ஆஸ்பார்ன் 22 ஆண்டுகளுக்கு முன்பு 11 கிலோவில் சொன்னதை, உலகம் முழுமையாக அடைந்த வாரம் என்றே அதைச் சொல்லலாம். 2008-இல் உலக அளவில் மடிக்கணினிகளின் விற்பனை மேசைக் கணினிகளை முந்தியது.

அவருடைய கொள்கை அதற்குப் பிறகும் தலைகாட்டியது. 2007-இல் ஆசுஸ் நிறுவனம் ஈ பிசி என்ற 7 அங்குலக் குட்டிக் கணினியை வெளியிட்டது. எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. லினக்சும் எழுத்து, கணக்கு மென்பொருள்களும் உள்ளேயே. சிறிய திரை, குறைந்த விலை, எல்லாம் அடக்கம். ஆஸ்பார்ன் 1-இன் பேரப்பிள்ளை! அதுவும் சில ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்துவிட்டு, திரை சிறிது, வேகம் போதாது என்ற அதே குறைகளால் ஒதுங்கியது.

வரலாறு சொல்லும் பதில்

இந்தக் கதையிலிருந்து வாங்கப் போகிறவருக்கு என்ன கிடைக்கிறது? முதலாவது, வேலை என்ன என்று முதலில் தெளிவாக இருக்க வேண்டும். மாடல் 100-ஐ வாங்கிய நிருபர் ஏமாறவில்லை, ஏனென்றால் தனக்கு என்ன தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது, அலுவலகத்தில் மற்றவர்கள் பயன்படுத்துவதோடு ஒத்துப்போக வேண்டும். காம்பாக்கின் வெற்றி அதுதான். மூன்றாவது, கண்ணும் விரலும் நாள் முழுவதும் படும் இடங்களான திரையிலும் விசைப்பலகையிலும் சிக்கனம் பார்த்தால் பின்னால் வருந்த நேரும். கேப்ரோவிடம் ஆஸ்பார்ன் தோற்றது அங்கேதான்.

நான்காவதுதான் கடினமானது. புது மாடலுக்காகக் காத்திருக்கலாமா? 1983-இல் காத்திருந்தவர்களால் ஒரு நிறுவனத்துக்கு நெருக்கடி வந்தது. ஆனால் காத்திருந்தவர்களுக்கும் அதனால் பெரிய லாபமில்லை. அத்தனை மாதமும் அவர்களுடைய வேலை கணினி இல்லாமலே நடந்தது. அடுத்த மாடல் எப்போதும் வரத்தான் போகிறது. இன்றைய வேலை இன்றைக்கே நடந்தாக வேண்டும் என்றால், இன்று போதுமானதாக இருக்கும் கணினியே நல்ல கணினி.

அதைத்தான் திருவண்ணாமலையில் வளர்ந்த அந்த மனிதர் ஆரம்பத்திலேயே சொன்னார். பாவம், அவருடைய வாடிக்கையாளர்கள்தான் கடைசியில் அதைக் கேட்கவில்லை!